மூவிட நோக்கில் உண்மைக் குற்ற வலையொலி: சுயாதீன நெறியாளரின் கதைசொல்லும் பொறுப்பு

ஆய்வுச் சுருக்கம்

உண்மையில் நிகழ்ந்த குற்றமொன்றைத் தொடராக எடுத்துரைக்கும் வலையொலி, கடந்த பத்தாண்டுகளில் தனித்த கதையாடல் வகைமையாக வளர்ந்துள்ளது. செய்தி நிறுவனம் எதனையும் சாராமல் தனியொருவரே தகவல் திரட்டி, எழுதி, பேசி, வெளியிடும் சுயாதீனத் தொடர்களில் நெறியாளரே கதைசொல்லியாகவும் புலனாய்வாளராகவும் கதைமாந்தராகவும் அமைகிறார். இந்நிலைகள் ஒரே குரலில் கலப்பதன் விளைவுகளைத் தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடப் பாகுபாட்டைக் கருவியாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. படர்க்கையில் வைத்துப் பேசப்படுவோரை, பேச்சு வெளியாகும் முன்னரே முன்னிலைக்குக் கொணர்ந்து வினவுவதே நெறியாளரின் தலையாய கடமை என்பது இதன் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: வலையொலி, உண்மைக் குற்றம், மூவிடம், கதைசொல்லி, சாட்சி, கொலைச்சிந்து

முன்னுரை

2014 அக்டோபரில் அமெரிக்காவில் ‘சீரியல்’ என்னும் ஒலித்தொடர் வெளிவரத் தொடங்கியது. 1999 சனவரியில் மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் பகுதியில் கொல்லப்பட்ட ஹே மின் லீ என்னும் பள்ளி மாணவியின் வழக்கை அத்தொடர் 12 பகுதிகளில் மீண்டும் ஆராய்ந்தது. அவ்வழக்கில் அவருடைய முன்னாள் காதலர் 2000ஆம் ஆண்டில் தண்டிக்கப்பட்டிருந்தார். தொடரை வழங்கிய சாரா கேனிக் வானொலி இதழியலில் நீண்ட பயிற்சி உடையவர்; அவருக்குப் பின்னால் ஒரு தயாரிப்புக் குழு இருந்தது. ஒளிபரப்பு ஊடகங்களுக்குரிய பீபாடி விருதை வலையொலி ஒன்று முதன்முதலாகப் பெற்றது இத்தொடரின் வழியாகவே ஆகும்.

பாட்காஸ்ட் என்று பரவலாக வழங்கும் வலையொலியைத் தொடங்க வானொலி நிலையமோ உரிமமோ தேவையில்லை. ஓர் ஒலிவாங்கி, கணினி, இணைய இணைப்பு ஆகியன போதும். ஆதலால் ‘சீரியல்’ காட்டிய வழியில், நிறுவனப் பின்புலம் அற்ற தனியர் பலர் தம் ஊரில் தீர்வு காணப்படாது கிடந்த வழக்குகளைக் கையில் எடுத்தனர். இவ்வாறு எழுந்த சுயாதீனத் தொடர்கள் சில, நீதிமன்றத்தின் போக்கையே மாற்றியுள்ளன. கதைசொல்லல் நிகழ்வை விவரிப்பதோடு அமையாது நிகழ்வாகவே மாறும் இந்நிலை, இலக்கிய ஆய்வு கருத்திற் கொள்ளத்தக்கது.

ஆய்வுக் கருவி

துப்பறியும் புனைகதையின் வகைகளை ஆராய்ந்த த்ஸ்வெதான் தொதொரோவ் 1966இல் வெளியிட்ட கட்டுரையில், அவ்வகைக் கதையில் இரு கதைகள் உள்ளன என்றார். ஒன்று குற்றத்தின் கதை. மற்றது புலனாய்வின் கதை. முதலாவது கதை தொடங்கும் முன்னரே முடிந்துவிட்டது. இரண்டாவதே வாசகரின் கண்முன் நிகழ்கிறது. உண்மைக் குற்ற வலையொலியிலும் இவ்விரட்டை அமைப்பு உண்டு. எனினும் புனைகதையில் முதற்கதை ஆசிரியரின் கையில் உள்ளது; வலையொலியில் அது யாருடைய கையிலும் இல்லை. புனைகதையின் ஐயத்திற்குரியவர் நூலை மூடியதும் மறைகிறார். வலையொலியின் ஐயத்திற்குரியவர் அதே ஊரில் தம் வீட்டுக் கதவைத் திறந்து வெளியே வருகிறார்.

இவ்வேறுபாட்டை விளக்கத் தமிழிலக்கணத்தின் மூவிடக் கோட்பாடு பொருத்தமான கருவியாகும். தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் செலவு, வரவு, தரவு, கொடை ஆகிய நான்கையும் மூவிடத்தோடு இயைத்துக் கூறுகிறது. தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன. இடம் என்பது பேசுவோரின் நிலை குறித்ததாக மட்டுமின்றி, பொருள் எத்திசையில் நகர்கிறது என்பதையும் சுட்டுவதாக இங்கு அமைகிறது. இந்நோக்கில் வலையொலியில் நெறியாளர் தன்மை, கேட்போர் முன்னிலை, இறந்தவர், அவர்தம் குடும்பத்தார், ஐயத்திற்கு உள்ளானோர், அண்டை அயலார் ஆகியோர் படர்க்கை ஆவர்.

தன்மை: அறியாமையிலிருந்து எழும் நம்பகம்

செய்தியறிக்கையின் நடை பெரும்பாலும் தன்மையை மறைக்கும். உண்மைக் குற்ற வலையொலியோ தன்மையை முன்னிறுத்தும். நெறியாளர் தாம் அறிந்ததைச் சொல்வதினும், தாம் அறியாததைக் கேட்போருடன் சேர்ந்து தேடுவதாகவே பேசுகிறார். ஆவணம் கிடைத்த நாள், தொலைபேசியை எடுக்க மறுத்தவர், பொருந்தாத இரு வாக்குமூலங்கள், தம் ஐயம் மாறிய தருணம் ஆகிய யாவும் கதைக்குள் இடம்பெறுகின்றன. ‘சீரியல்’ தொடரில் குற்றத்தரப்பு கூறிய 21 நிமிடக் கால இடைவெளியை நெறியாளர் காரில் சென்று அளந்து பார்ப்பது இவ்வுத்திக்குச் சான்றாகும். அத்தொடர் திட்டவட்டமான விடை கூறாமலே நிறைவுற்றது. அறியாமையை ஒளிக்காத குரலைக் கேட்போர் நம்புகின்றனர்.

சுயாதீன நெறியாளரிடம் இந்நம்பகம் மேலும் கூடுகிறது. கலிபோர்னியாவின் சான் லூயி ஒபிஸ்போ நகரில் உள்ள கால் பாலி பல்கலைக்கழக மாணவி கிறிஸ்டின் ஸ்மார்ட், 1996 மே மாதம் ஒரு விருந்திலிருந்து விடுதிக்குத் திரும்பும் வழியில் காணாமற் போனார். அப்போது அவருக்கு வயது 19. அப்பகுதிச் சாலையோரத்தில் அவர் படத்துடன் நின்ற அறிவிப்புப் பலகையைப் பல ஆண்டுகளாகக் கண்டுவந்தவர் கிறிஸ் லாம்பர்ட். அவர் இசைக்கலைஞர், இதழியல் பயின்றவர் அல்லர். 2019 செப்டம்பரில் ‘யுவர் ஓன் பேக்யார்ட்’ என்னும் தொடரை அவர் தாமே தொடங்கினார். தலைப்பு ‘உங்கள் சொந்தக் கொல்லைப்புறம்’ எனப் பொருள்படும். காவல் அதிகாரியும் அல்லாத, செய்தியாளரும் அல்லாத ஊரார் ஒருவரின் குரல் என்பதே அத்தொடரின் அடையாளமாயிற்று.

ஆயினும் இத்தன்மைக் குரலுக்குப் பின்னால் உள்ள உழைப்பு பெரிது. பழைய செய்தித்தாள்களையும் நீதிமன்ற ஆவணங்களையும் தேடுதல், அரசுப் பதிவேடுகளுக்கு விண்ணப்பித்தல், நேர்காணல்களைப் பதிவுசெய்து எழுத்தாக்குதல், ஒவ்வொரு கூற்றையும் இரண்டாம் சான்றோடு ஒப்பிடுதல், உரை எழுதுதல், ஒலித் தொகுப்பு, வெளியீடு எனப் பல நிலைகள் உண்டு. செய்தி நிறுவனத்தில் இப்பணிகள் பலரிடம் பிரிந்து கிடக்கும். பதிப்பாசிரியர் ஒருவர் கேள்வி எழுப்புவார். வழக்கறிஞர் ஒருவர் வரிகளை வாசிப்பார். சுயாதீனத் தொடரில் கேள்வி எழுப்புபவரும் விடையளிப்பவரும் ஒருவரே. சட்ட அறிவும் அவரைச் சார்ந்ததே. எடுத்துக்காட்டாக, கலிபோர்னியாவில் தனிப்பட்ட உரையாடலைப் பதிவுசெய்யப் பங்கேற்கும் அனைவரின் இசைவும் வேண்டும். அமெரிக்காவின் வேறு பல மாநிலங்களில் ஒருவரின் இசைவே போதும். மாநில எல்லைக்கு அப்பாலுள்ள ஒருவரோடு தொலைபேசியில் பேசுவதற்கு முன்னரே இதனை அறிந்திருத்தல் வேண்டும். தன்மையின் எளிமை கேட்போருக்குத் தோன்றும் எளிமையே அன்றி நெறியாளருக்குரிய எளிமை அன்று.

முன்னிலை: கேட்போர் சாட்சியாகும்போது

அச்சு நூலின் வாசகர் எழுத்தாளருக்கு மறுமொழி கூறும் வாய்ப்புக் குறைவு. தொடராக வெளிவரும் வலையொலியில் ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடையிலான காலமே கதையின் உறுப்பாகிறது. அக்காலத்தில் கேட்போர் மின்னஞ்சல் அனுப்புகின்றனர். தாம் கண்டதையும் கேட்டதையும் நினைவுகூர்கின்றனர். முன்னிலையில் இருந்தவர் சாட்சியாகிறார். லாம்பர்ட்டின் தொடரைக் கேட்டபின் புதிய சாட்சிகள் முன்வந்ததை அவ்வட்டாரக் காவல்துறையே பொதுவில் ஏற்றது. 2021 ஏப்ரலில் இருவர் கைது செய்யப்பட்டனர். 2022 அக்டோபரில் ஒருவர் கொலைக்குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று; 2023 மார்ச்சில் அவருக்கு 25 ஆண்டு முதல் ஆயுள் வரையிலான சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பல ஆண்டுகளாக அசையாது கிடந்த வழக்கு, கேட்போரை விளித்த ஒரு குரலால் அசைந்தது. தீர்ப்பின்போதும் கிறிஸ்டின் ஸ்மார்ட்டின் உடல் கண்டெடுக்கப்படவில்லை.

இவ்வாற்றலின் மறுபக்கமும் நோக்கத்தக்கது. 1974இல் எலிசபெத் லாப்டஸ், ஜான் பாமர் ஆகியோர் நிகழ்த்திய சோதனையில், கார் விபத்துக் காட்சியைக் கண்டோரிடம் கார்களின் வேகம் வினவப்பட்டது. வினாவில் ஒரு வினைச்சொல் மட்டும் மாற்றப்பட்டது. ‘மோதின’ என்னும் பொருள்தரும் மென்மையான சொல்லைக் கேட்டோரைவிட, ‘நொறுங்க மோதின’ என்னும் பொருள்தரும் வன்மையான சொல்லைக் கேட்டோர் வேகத்தை மிகுத்துக் கூறினர். ஒரு வாரம் கழித்து வினவியபோது, காட்சியில் இல்லாத உடைந்த கண்ணாடியைக் கண்டதாகச் சொன்னோரும் வன்சொல்லைக் கேட்டோரிடையே கூடுதலாக இருந்தனர். ஒரு வினைச்சொல்லுக்கே இத்துணை ஆற்றல் எனில், பல மணிநேரம் ஒலிக்கும் தொடரின் ஆற்றலைச் சொல்ல வேண்டியதில்லை. தொடரைக் கேட்டபின் முன்வரும் சாட்சி தம் நினைவிலிருந்து பேசுகிறாரா, கேட்ட ஒலியிலிருந்து பேசுகிறாரா என்னும் வினா நீதிமன்றத்தில் எழுவது இயல்பே.

ஆஸ்திரேலியாவின் ‘தி டீச்சர்ஸ் பெட்’ தொடர் இவ்வினாவைக் கூர்மையாக்கியது. 1982 சனவரியில் சிட்னி நகரில் காணாமற் போன லினெட் டாசனின் வழக்கை, 2018இல் ‘தி ஆஸ்திரேலியன்’ நாளிதழின் செய்தியாளர் ஹெட்லி தாமஸ் தொடராக வெளியிட்டார். 2001இலும் 2003இலும் நடந்த மரண விசாரணைகள் கணவர் மீது குற்றம் சாட்டப் பரிந்துரைத்தும் வழக்குத் தொடரப்படாதிருந்தது. தொடர் வெளிவந்த ஆண்டின் இறுதியில் கணவர் கைது செய்யப்பட்டார். ஆனால் விசாரணைக்குக் கேடு நேரும் என அஞ்சி, 2019இல் அத்தொடர் ஆஸ்திரேலியாவில் கேட்க இயலாதவாறு விலக்கப்பட்டது. பரவலான விளம்பரத்தின் தாக்கம் தணிவதற்காக, 2020இல் நீதிமன்றம் வழக்கைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. இறுதியில் ஜூரி இன்றி நீதிபதி ஒருவரே விசாரித்து 2022 ஆகஸ்ட்டில் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தார். நீதியை நெருங்கச் செய்த ஒலியே அதனைத் தாமதிக்கவும் செய்தது. பதிப்பாசிரியரும் வழக்கறிஞரும் உள்ள நாளிதழுக்கே இந்நிலை எனில், தனித்தியங்கும் நெறியாளர் தம் சொற்களை எத்துணை எச்சரிக்கையோடு தேர்தல் வேண்டும் என்பது புலனாகும்.

படர்க்கை: பேச இயலாதோர்

தன்மையும் முன்னிலையும் நெருங்க நெருங்கப் படர்க்கை விலகுகிறது. கிளவியாக்கம் கூறும் திசையை இங்கு நினைவுகூரலாம். தகவல் நெறியாளருக்கும் கேட்போருக்கும் வருகிறது. குடும்பத்தாரிடமிருந்து அது செல்கிறது. கொடுப்போர் படர்க்கையினர், பெறுவோர் ஏனை இரு இடத்தினர். ஆனால் கொடுத்தோருக்குக் கதைமீது உரிமை இருப்பதில்லை.

‘சீரியல்’ ஆராய்ந்த வழக்கின் பிற்கால வரலாறு இவ்வுண்மையை நீதிமன்றத்தின் வாயிலாகவே எடுத்துரைக்கிறது. 2022 செப்டம்பரில் தண்டனை பெற்றவரின் தீர்ப்பு நீக்கப்பட்டு அவர் விடுவிக்கப்பட்டார். 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்நீக்கத்தைச் செல்லாததாக்கியது. 2024இல் மாநில உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. கொல்லப்பட்ட மாணவியின் சகோதரர் நேரில் வருவதற்குப் போதிய அவகாசத்துடன் அறிவிக்கப்படவில்லை என்பதே காரணம். 2025இல் தண்டனைக் காலம் அதுவரை கழிந்த அளவாகக் குறைக்கப்பட்டது. குற்றவாளி என்னும் தீர்ப்பு மட்டும் நிலைத்தது. வலையொலி நீதிமன்றம் அன்று. இத்தவறும் வலையொலியின் தவறு அன்று. எனினும் பல ஆண்டுகளாக ஊரார் அனைவரும் பேசிய ஒரு மரணத்தில், அம்மரணத்திற்கு மிக நெருக்கமானவர் பேச வாய்ப்புப் பெற்றாரா என்பதே இறுதியில் வழக்கின் வினாவாயிற்று என்பது கருதத்தக்கது.

ஐயத்திற்கு உள்ளானோரும் படர்க்கையினரே. ‘யுவர் ஓன் பேக்யார்ட்’ தொடர் பேசிய வழக்கில், கொலைக்குற்றம் சாட்டப்பட்டவரோடு அவருடைய தந்தையும் கொலையை மறைக்க உதவியதாகக் குற்றம் சாட்டப்பட்டார். ஒரே விசாரணையில் இரு ஜூரிகள் அமர்ந்தன. மகன் குற்றவாளி என ஒரு ஜூரியும், தந்தை குற்றவாளி அல்லர் என மற்றொரு ஜூரியும் கூறின. கேட்போரின் நினைவில் இருவரும் ஒரே கதையின் மாந்தர். சட்டத்தின் முன் அவர்கள் இருவேறு மனிதர். கதை தன் ஒருமைக்காக மாந்தரை ஒன்றாக்க விழையும். நீதி அவர்களைத் தனித்தனியே நிறுத்தும். நெறியாளர் இவ்விரண்டிற்கும் இடையில் நிற்கிறார்.

படர்க்கையை முன்னிலையாக்கல்

இதழியல் ‘மறுமொழி உரிமை’ எனக் கூறுவதை மூவிட நோக்கில் ‘படர்க்கையை முன்னிலையாக்கல்’ எனலாம். ஒருவரைப் பற்றிப் பேசுமுன் அவரிடம் பேசுதல் என்பது இதன் பொருள். குற்றஞ்சாட்டும் கூற்று எதுவாயினும், அது வெளியாகும் முன் உரியவரிடம் எழுத்தில் சேர்ப்பித்து, போதிய காலம் அளித்து, அவர் கூறும் விடையைச் சுருக்காமல் தொடரில் சேர்த்தல் இதன் செயல்வடிவம். விடை வாராவிடின் வினவிய நாளும் வழியும் கூறப்படல் வேண்டும். மௌனத்தைக் குற்றத்தின் ஒப்புதலாக்கும் தொனி விலக்கப்படல் வேண்டும்.

இறந்தவரை முன்னிலையாக்க இயலாது. ஆதலால் அவர் குடும்பத்தாரிடம் தொடர் தொடங்குமுன் செய்தி சேர்தல் முதற்படியாகும். குடும்பத்தார் பேச விரும்பாவிடின் அவ்விருப்பமும் ஒரு விடையே. குற்றம் நிகழ்ந்த விதத்தை விரித்துரைப்பதற்கும், இறந்தவர் வாழ்ந்த விதத்தை எடுத்துரைப்பதற்கும் செலவாகும் நேரத்தை நெறியாளர் ஒப்பிட்டு நோக்கினால், தொடரின் நடுவில் யார் இருக்கிறார் என்பது விளங்கும். குற்ற விவரணையின் உச்சத்தில் விளம்பரத்திற்கு இடைவெளி விடும் வழக்கமும் இவ்வளவையால் மதிப்பிடத்தக்கது.

புதிய சாட்சி முன்வருங்கால் மேலுமொரு வரையறை தேவை. அவர் கூறியதை முதலில் காவல்துறையிடம் அவரே தெரிவிக்குமாறு வேண்டுதல், அதற்குமுன் அவர் தொடரின் எப்பகுதிகளைக் கேட்டார் என வினவிக் குறித்தல், வழிநடத்தும் வினாக்களைத் தவிர்த்தல், திருத்தப்படாத முழுப் பதிவையும் பேணுதல் ஆகியன கதையின் சுவையைக் குறைக்கலாம். ஆனால் அச்சாட்சியின் நம்பகத்தை நீதிமன்றம் வரை காப்பன இவையே.

தமிழ்க் கதையாடலுக்குரிய வினாக்கள்

குற்றத்தை ஒலிவடிவில் எடுத்துரைத்தல் தமிழுக்குப் புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலிவு அச்சில் வெளிவந்து தெருவிலும் சந்தையிலும் பாடி விற்கப்பட்ட கொலைச்சிந்துகள், ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்னும் நூலில் ஆராய்ந்த வெகுசன வெளியீட்டு உலகைச் சார்ந்தவை. எனினும் சிந்து பாடுவோர் பெரும்பாலும் நிகழ்ந்ததைச் சொல்வோராகவே அமைந்தனர். தாமே புலனாய்ந்ததாக உரிமை கொண்டாடவில்லை. வலையொலி நெறியாளரின் தன்மைக் குரல் இவ்விடத்தில்தான் பழைய மரபிலிருந்து வேறுபடுகிறது.

தமிழிலும் இவ்வகைத் தொடர்கள் ஒலிக்கும் இக்காலத்தில், மொழியமைப்பே எழுப்பும் இரு வினாக்கள் உள்ளன. முதலாவது, வினைமுற்றின் விகுதி. ஆங்கிலத்தின் படர்க்கை ஆண்பாற் சுட்டு மதிப்பையோ இழிவையோ காட்டுவதில்லை. தமிழில் ‘சென்றான்’ என்பதும் ‘சென்றார்’ என்பதும் ஒன்றல்ல. ஐயத்திற்கு உள்ளானவரை ‘அவன்’ எனச் சுட்டும் கணத்தில், நீதிமன்றம் கூறாத தீர்ப்பை விகுதி கூறிவிடுகிறது. இறந்த பெண்ணை ‘அவள்’ என்றும் காவல் அதிகாரியை ‘அவர்’ என்றும் ஒரே தொடரில் சுட்டுவதும் மதிப்பீடே. ஆங்கில நெறியாளர் சொல்லாமல் தவிர்க்கக் கூடியதைத் தமிழ் நெறியாளர் ஒவ்வொரு வினைமுற்றிலும் சொல்லியே தீர வேண்டியுள்ளது.

இரண்டாவது, கேள்வியறிவைக் குறிக்கும் முறை. ‘அன்றிரவு அவர் வெளியே போனார்’, ‘போனாராம்’, ‘போனதாகக் கூறப்படுகிறது’, ‘போனதைத் தாம் கண்டதாக அண்டை வீட்டார் காவல்துறையிடம் கூறியுள்ளார்’ என்னும் நான்கு வடிவங்களை ஒப்பிடலாம். முதலாவது உறுதி கூறுகிறது. இரண்டாவது கேள்விப்பட்டது எனக் காட்டினும், ‘ஆம்’ என்னும் ஈறு பேச்சு வழக்கில் வதந்தியின் சுவையையோ நம்பாமையின் ஏளனத்தையோ ஏற்றிவிடும். மூன்றாவது நடுநிலை போலத் தோன்றினும், கூறியவரை மறைக்கிறது. நான்காவதே யார், யாரிடம், எதனை எவ்வழியில் அறிந்து கூறினார் என்பதை வெளிப்படுத்திக் கேட்போர் தாமே எடைபோட இடமளிக்கிறது. நீளமாயினும் பொறுப்புடைய வடிவம் அதுவே.

முடிவுரை

சுயாதீன நெறியாளரின் வலிமை அவர் தன்மையில் பேசுவதில் உள்ளது. அக்குரல் முன்னிலையில் உள்ளோரைச் சாட்சியாக்கும் ஆற்றல் உடையது. அதனால் அசையாத வழக்குகள் அசைந்துள்ளன. அதே ஆற்றல் நினைவைக் கலைக்கவும், விசாரணையைத் தாமதிக்கவும், தீர்ப்புக்கு முன்னரே மனிதரைக் குற்றவாளியாக்கவும் வல்லது. ஆகவே இவ்வகைமையை மதிப்பிடும் அளவுகோலைத் தன்மையின் கவர்ச்சியிலோ முன்னிலையின் எண்ணிக்கையிலோ தேடுதல் பொருந்தாது. பேசப்படுவோரிடம் முதலில் பேசப்பட்டதா, அவர்களைச் சுட்டும் சொல்லும் விகுதியும் சான்றின் எல்லைக்குள் நின்றனவா என்பவையே உரிய வினாக்களாகும். தமிழ் வலையொலிகளின் எழுத்தாக்கப் பனுவல்களை விகுதி, சான்றுக் குறிப்பு ஆகியவற்றின் அடிப்படையில் தொகுத்து ஆராய்வது, இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.